பதின்மூன்றாவது விஷயம்

அன்று புதன்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, பெரியாஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில் மருத்துவக் குழுவின் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் இருந்தவர்கள்: கதவோரம் முக்காலி போட்டு உட்கார்ந்து பெயர் கூப்பிடுகிற ஊழியர் ஒருவர், இடது கால் முழங்காலோடு போன லாரி டிரைவர், அவர் பெண்சாதி, காது கேளாத இரட்டைப் பெண்பிள்ளைகள், அவர்களைப் பெற்றவள், முதுகெலும்பு நழுவிய போலீஸ்காரர், கண்ணில் பச்சைத் துணி கட்டிய கிழவர், அவருடைய இரண்டு மகன்கள், சக்கர நாற்காலியில் ஒரு கல்லூரிப் பெண், அவள் அப்பா, எதற்கு வந்தார் என்று தெரியாமல், பையை மடியில் வைத்துத் தூங்குகிற ஒருவர், மகள் நீலாவதி, மாப்பிள்ளை குணசேகரன். ஆக பதினைந்து. வைரக்கண்ணு இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். இரண்டு தடவையும் பதினைந்து வந்தது. தன்னைச் சேர்த்தால் பதினாறு, ஆனால் எண்ணுகிறவன் தன்னைச் சேர்த்துக்கொள்வதில்லை. நாற்பத்தாறு வருஷம் தென்னந்தோப்புகளில் காய் எண்ணியவர் அவர். கைக்கு இரண்டு, வீச்சுக்கு நாலு, நூறு ஆனதும் ஒரு காயைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடி ஒன்றுக்குப் பதிலாக லாபம் என்று முதலிலிருந்து தொடங்குவார். அந்த நேரத்தில் மட்டும்தான் அவர் குரல் நாலு பேருக்குக் கேட்கும். மற்ற நேரத்தில் எதிராளி சொல்வதற்குத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். கல்யாண வீட்டில் சாம்பார் வேண்டுமென்றால்கூட வாய்விட்டுக் கேட்க மாட்டார், பரிமாறுகிறவன் இந்தப் பக்கம் பார்க்கும்வரை இலையைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அப்படிப்பட்டவர் இன்றைக்கு உள்ளே போய் மூன்று டாக்டர்கள் முன்னால் பன்னிரண்டு விஷயம் சொல்ல வேண்டும். பன்னிரண்டும் மாப்பிள்ளையைப் பற்றியவை. மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

பன்னிரண்டையும் வலது கை விரல் கணுக்களில் ஏற்றி வைத்திருந்தார். சுண்டுவிரலில் மூன்று, மோதிர விரலில் மூன்று, நடுவிரலில் மூன்று, ஆள்காட்டியில் மூன்று. கட்டைவிரல் எண்ணுகிற விரல், அதில் எதையும் ஏற்றக் கூடாது. சுண்டுவிரல் அடிக்கணு முட்டை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு நேரத்தில் அறுபத்து மூன்று பிள்ளைகள் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தபோது, தலைமை ஆசிரியர் குணசேகரன் வரிசையோடு நடந்து போய் ஏழு தட்டிலிருந்து ஏழு முட்டையை எடுத்து நின்ற இடத்திலேயே தின்றது. எட்டாவது தட்டுக்குக் கையை நீட்டும்போது சமையல்காரம்மா பிடித்துக்கொண்டாள். யாரோ செல்போனில் படம் எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் சோற்றில் கைவைத்த வாத்தியார் என்று ஊர் ஊராகப் போனது அந்தப் படம். அன்றைக்குச் சஸ்பெண்டு, அதற்கப்புறம் குற்றச்சாட்டுக் கடிதம், விசாரணை. இப்போது இரண்டே வழி. இந்த அறையில் இருக்கிறவர்கள் இவருக்கு மூளையில் வியாதி, வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிக் கொடுத்தால் மாப்பிள்ளை நோயாளி, பென்ஷன் வரும், பேத்தி யாழினி படிப்பாள், நீலாவதி வீட்டில் அடுப்பு எரியும். நல்லாத்தான் இருக்கிறார் என்று எழுதினால் மாப்பிள்ளை திருடன், வேலையிலிருந்து விரட்டுவார்கள், ஒன்றும் கிடையாது. நீலாவதி விசாரணையில் மூன்று தடவை மூன்று அதிகாரிகளிடம் சொல்லிவிட்டாள். முட்டை என்றதும் மூன்றாவது அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாராம். 'என் வாயால இனிமே முடியாதுப்பா, நீங்க உள்ள போங்க' என்றாள் நேற்று. சரி என்று தலையாட்டினார். தலையாட்டின பிறகுதான் தலையாட்டிவிட்டோமே என்று இருந்தது. சுண்டுவிரல் நடுக்கணு, சக வாத்தியார் வீட்டுச் சாவில் பாடையைத் தூக்கும்போது சிரித்தது. மேல்கணு, காலைப் பிரார்த்தனையில் பிள்ளைகள் நிற்கும்போது கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஒன்றுக்கு இருந்தது. இதை எப்படிச் சொல்வது? ஒன்றுக்கு இருந்தாங்க என்றா, சிறுநீர் கழிச்சாங்க என்றா? மாப்பிள்ளை என்பதால் இருந்தாங்க என்றுதான் வாய் போகும். அவ்வளவு மரியாதையாகச் சொன்னால் டாக்டருக்கு அது கெட்ட காரியமாகவே தோன்றாதே.

மாப்பிள்ளை பெஞ்சில் நேராக உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் தொடைமேல். வலது கை இரண்டு விரலால் மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மூன்று தட்டு. வீட்டில் இதே தட்டல் சுவர் கேட்கிற மாதிரி இருக்கும், இன்றைக்குச் சத்தமே இல்லை. பஸ்ஸில் வரும்போதுகூட அமைதியாக வந்தார். முன் சீட்டுப் பெண்ணின் தலையிலிருந்த பூவை ஒரு தடவை முகர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். ஊன்றுகோலைக் காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு லாரி டிரைவர் இந்தப் பக்கம் திரும்பினார். 'பெருசு, யாருக்குப் பாக்க வந்திருக்கீங்க?' 'மாப்பிள்ளைக்கு' என்றார் வைரக்கண்ணு. 'யாரு, இவருக்கா? நான் இவரைத்தான் டாக்டர்னு நெனச்சேன்.' அவர் பெண்சாதி 'சும்மா இருங்க' என்று இடித்தாள். அவர் சும்மா இருக்கவில்லை. 'போன தடவை எனக்கு முப்பத்தஞ்சு சதவீதம் போட்டாங்க பெருசு. நாப்பது இருந்தாத்தான் சலுகையாம். மிச்சம் அஞ்சுக்கு அடுத்த காலையும் கொண்டாரட்டான்னு கேட்டேன். சிரிக்கிறான் அந்த ஆளு. இங்க வரப்ப பொழப்பத்து வரணும், அழுக்கா வரணும். நீங்க என்னன்னா இஸ்திரி போட்டு, சவரம் பண்ணி, துண்ணூறு பூசி, பொண்ணு பாக்கப் போற மாதிரி கூட்டியாந்திருக்கீங்க. எவன் எழுதிக் குடுப்பான்?' என்றார். மாப்பிள்ளை திரும்பி டிரைவரைப் பார்த்து, 'உங்களுக்கு முன்பல்லு ரெண்டு எடுப்பா இருக்கு' என்று சொல்லிவிட்டு மறுபடி நேரே பார்த்தார். டிரைவர் ஒரு கணம் விழித்துவிட்டுச் சிரித்தார். 'அட, சார் ஜோக்கடிக்கிறாரு.'

வைரக்கண்ணு மாப்பிள்ளையின் இஸ்திரி மடிப்பைப் பார்த்தார். ஆமாம். நேற்றுச் சாயந்தரம் அவரேதான் மாப்பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப் போய் முடி வெட்ட வைத்தார். கத்தி கன்னத்தில் நிற்கும்வரை தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினாறு நாளாகக் கழற்றாத கட்டம் போட்ட சட்டையை, தூங்கும்போது நீலாவதி பொத்தான் பொத்தானாகக் கழற்றினாள், வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி இவர் போட்டார். விடிந்ததும் ஆறு மணிக்கு ஆளை அடக்குகிற மாத்திரையில் பாதியை வெல்லத்துக்குள் வைத்துக் கொடுத்ததும் இவர்தான். பஸ்ஸில் மானம் போய்விடக் கூடாது. பெரிய டாக்டர்கள் முன்னால் போகிறோம், அழுக்காகப் போனால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? பெரிய இடத்துக்குப் போவதென்றால் குளித்து, தலை சீவி, நல்லதை உடுத்திப் போக வேண்டும். எழுபத்து மூன்று வருஷமாக அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். தாலுகா ஆபீஸுக்கு அப்படித்தான் போனார், மாப்பிள்ளை பார்க்க அப்படித்தான் போனார். பைத்தியம் என்று சொல்லி வாங்கவேண்டிய இடத்துக்கும் அப்படியே வந்திருக்கிறார். இப்போதே சட்டையைக் கசக்கிவிடலாமா? தலையைக் கலைத்துவிடலாமா? கை எழுந்தது. மாப்பிள்ளை தலையில் மாமனார் கை வைப்பதாவது. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு மறுபடி தொடைமேல் வைத்தார். அரை மாத்திரை எத்தனை மணி நேரம் நிற்கும்? ஆறு மணிக்குக் கொடுத்தது. மத்தியானம் ஒரு மணிக்குச் சுவர் கேட்கிற தட்டல் தொடங்கிவிடும் என்பது கணக்கு. பெயரை ஒரு மணிக்கு மேல் கூப்பிட்டால் நல்லது. சாமி, ஒரு மணிக்கு மேல் கூப்பிட வேண்டும். உள்ளே போனதும் மாப்பிள்ளை டாக்டர் மேசையில் இருப்பதை எடுத்துத் தின்ன வேண்டும், கண்ணாடியைப் பிடுங்க வேண்டும், அந்தக் கொடிக்கம்பத்துக் காரியத்தையே அங்கே செய்யட்டுமே. என்ன வேண்டுதல் இது? பெண் கொடுத்த இடத்துக்கு மானக்கேடு வரட்டும் என்று வேண்டுகிற மாமனார் உலகத்தில் உண்டா?

அந்தக் காலத்து மாப்பிள்ளை எப்படிப்பட்டவர். கல்யாணமான புதிதில் மறுவீட்டு விருந்தில் இரண்டாவது தடவை பாயசம் ஊற்ற வந்தபோது இலையைக் கையால் மூடினவர். வாழைப்பழம் தின்றால் தோலைப் போடக் குப்பைத்தொட்டி கிடைக்கிறவரை சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடப்பார். வாழைப்பழம். இல்லை, அது வேண்டாம். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது தெருவில் போகிறவன் நின்று கேட்பான். நாற்பத்து மூன்று வயதில்தான் முதல் கோணல். நீலாவதி காய்ச்சலில் கிடக்கும்போது, 'இன்னும் சோறு ஆக்கலையா' என்று கேட்டுவிட்டு டீக்கடைக்குப் போனார். எல்லோருக்கும் ஒரு நாள் அப்படி இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் தினமும் அதே பாதை. வீட்டிலிருந்து பஸ் நிலையம், பஸ் நிலையத்திலிருந்து வீடு, ஒரு நாளைக்கு ஒன்பது தடவை. வழியிலிருக்கிற ஒவ்வொரு விளக்குக் கம்பத்தையும் தொட வேண்டும், ஒன்று விட்டுப்போனால் திரும்பிப் போய்த் தொட்டுவிட்டு வருவார். குடி என்றார்கள், மோந்து பார்த்தால் வாசனை இல்லை. வேறு பொம்பளை என்றார்கள், அதற்கு ஆளே இல்லை. செய்வினை என்று நாலு இடத்தில் கயிறு கட்டினார்கள். ஸ்கேன் எடுத்த இடத்தில் மூளை வயசுக்குச் சரியாக இருக்கிறது என்றார்கள். கடைசியில் ஒரு மனநல டாக்டர்தான், சின்ன வயசிலேயே மூளையின் முன்பக்கம் தேய்கிற வியாதி ஒன்று உண்டு, அதில் ஞாபகம் கடைசியில்தான் போகும், முதலில் போவது குணம் என்றார். குணம் போகுமா? பல் போகும், கண் போகும், குணம் எப்படிப் போகும்? ஆனால் அவர் சீட்டில் 'இருக்கலாம்' என்று எழுதிவிட்டார். அந்த 'இருக்கலாம்' போதாது என்றுதான் இந்த அறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஞாபகம் தேய்கிற வியாதியென்றால் அது எனக்கல்லவா வந்திருக்க வேண்டும் என்று வைரக்கண்ணு பல நாள் நினைத்திருக்கிறார். எழுபத்து மூன்று வயசு. முப்பது வருஷத்துக்கு முன் எந்தத் தோப்பில் எத்தனை காய் என்று கேட்டால் இப்போதும் சொல்வார். மறந்தால் தேவலை என்று இருப்பதும் மறக்கவில்லை. பதின்மூன்றாவது மறக்கவில்லை.

கையில் பன்னிரண்டு கணுதான். பதின்மூன்றுக்குக் கணு இல்லை. போன ஆவணி மாதம் பதினெட்டாம் தேதி. வைரக்கண்ணு தொழிலை விட்டு இரண்டு வருஷமாயிற்று, ஆனாலும் அன்றைக்குப் பழைய முதலாளி, 'ஆயிரம் காய்தான் அண்ணே, நீங்க வந்து எண்ணினாத்தான் யாவாரி ஒத்துக்குவான்' என்று கூப்பிட்டுவிட்டார். நீலாவதி விசாரணைக்குப் போயிருந்தாள், யாழினி பள்ளிக்கூடம். 'நான் பாத்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க' என்றாள் தையல்நாயகி. நாற்பத்தொன்பது வருஷம் கூட வாழ்ந்தவள், இவர் வாயைத் திறக்காமலே இவருக்குச் சாம்பார் வேண்டுமா ரசம் வேண்டுமா என்று தெரிந்தவள். போனார். ஆயிரத்து நூற்று நாற்பது காய். ஒன்று கூடக் குறையாமல் எண்ணிக் கொடுத்துவிட்டு மத்தியானம் இரண்டு மணிக்குக் கொல்லை வழியாக வந்தார். இல்லை, இதற்குமேல் வேண்டாம். மோதிர விரல் அடிக்கணு, கோயிலில் பக்கத்து ஆள் கையிலிருந்த பொங்கலைப் பிடுங்கியது. நடுக்கணு, ஒரு டப்பா சர்க்கரையை உட்கார்ந்த இடத்தில் தின்றது. மேல்கணு, யாழினிக்குக் கை முறிந்து அலறியபோது, டிவி ரிமோட் எங்கே என்று அவளிடமே கேட்டது. கொல்லை வழியாக வந்தார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அவள் கிடந்தாள், ஒரு கால் மடங்கி. மாப்பிள்ளை நாலடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் வாழைச்சீப்பு. தரையில் தோல்கள், ஒரே அளவு இடம் விட்டு ஒரே வரிசையில், எட்டு. உடம்பு சில்லிட்டுவிட்டிருந்தது. 'அத்தை பதினொரு தடவை கூப்பிட்டாங்க மாமா' என்றார் மாப்பிள்ளை. 'பதினொண்ணுக்கு அப்புறம் கூப்பிடல.' வைரக்கண்ணு முதலில் செய்தது தோல்களைப் பொறுக்கியதுதான். எட்டையும் தென்னை மூட்டில் குழி தோண்டிப் புதைத்தார். அதற்கப்புறம்தான் பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தார். விழுந்ததும் உசிரு போயிடுச்சு, ஒரு வேதனையும் இல்ல என்று நீலாவதியிடம் சொன்னார். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அவள் கேட்டுவிட்டாள், 'அம்மா கஷ்டப்படலையேப்பா?' 'இல்லம்மா.' எத்தனை தடவை கேட்டாளோ அத்தனை தடவையும் இல்லம்மாதான். பதினொன்று கூப்பிட்டிருக்கிறாள். முதல் மூன்று மாப்பிள்ளையைக் கூப்பிட்டதாக இருக்கும். அதற்கப்புறம் யாரை? தோப்பிலிருந்த தன்னையாகத்தான் இருக்கும். எந்தக் கூப்பாட்டின்போது எத்தனாவது காய் கையில் இருந்தது?

'குணசேகரன்! யாருய்யா குணசேகரன், வாத்தியார் கேஸு!' மணி பதினொன்றே கால். ஒரு மணி ஆகவில்லை. 'கூட ஒருத்தர்தான்' என்றார் ஊழியர், நீலாவதி கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். இடுப்பு உயரத்துக்கு ஆடுகிற பாதிக் கதவு, அதற்கு மேலே அவள் முகம் தெரிந்தது. உள்ளே நீள மேசை. நடுவில் வழுக்கைத் தலை டாக்டர், இடப்பக்கம் கண்ணாடி போட்ட டாக்டரம்மா, வலப்பக்கம் சின்ன வயசு டாக்டர் ஒருவர். எதிரே இரண்டு நாற்காலி. 'வாங்க பெரியவரே, இப்படி முன்னால உட்காருங்க. எத்தனை நாளா மறதி?' என்றார் வழுக்கைத் தலை. வைரக்கண்ணு பதறிக்கொண்டு, 'எனக்கில்லீங்க, மாப்பிள்ளைக்கு' என்றார். மூவரும் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார்கள். இஸ்திரி மடிப்பு, திருநீறு, கோடு எடுத்த தலை. மாப்பிள்ளை வணக்கம் சொல்லி உட்கார்ந்தார். இன்றைக்கு என்ன கிழமை? புதன். தேதி? சொன்னார். எந்த ஊர், எந்தக் கட்டடம், எத்தனாவது மாடி? சொன்னார். மூன்று வார்த்தை சொல்கிறேன், கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பேன், மாம்பழம், சைக்கிள், கடிகாரம். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டபோது மூன்றையும் அதே வரிசையில் சொல்லிவிட்டு, 'மாம்பழம் இருக்கா?' என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டாள். 'சாருக்கு நம்மளவிட ஞாபகம் ஜாஸ்தி.' இதே பதில்களுக்காக வைரக்கண்ணு ஒரு காலத்தில் எவ்வளவு பெருமைப்பட்டிருப்பார். இந்த மாப்பிள்ளை கிடைத்ததற்குத் தையல்நாயகி கோயிலில் மாவிளக்குப் போட்டாள்.

'பெரியவரே, நீங்க சொல்லுங்க. வீட்ல எப்படி இருக்காரு?' என்றார் வழுக்கைத் தலை. கட்டைவிரல் சுண்டுவிரல் அடிக்கணுவுக்குப் போயிற்று. 'முட்டை' என்றார் வைரக்கண்ணு. குரல் அவருக்கே கேட்கவில்லை. 'சத்தமா சொல்லுங்க.' 'பள்ளிக்கூடத்துல முட்டை சாப்பிட்டாங்க. ஏழு.' 'அது கடுதாசிலயே இருக்கு. வேற?' 'ஒரு துக்க வீட்டுல சிரிச்சாங்க. கொடிக்கம்பத்துக்கிட்ட ஒண்ணுக்கு இருந்தாங்க. கோயில்ல ஒருத்தரு பொங்கலை வாங்கிச் சாப்பிட்டாங்க.' பிடுங்கி என்று சொல்ல நினைத்தார், வாங்கி என்று வந்தது. பன்னிரண்டையும் சொன்னார். வரிசை மாறவில்லை, ஒன்றும் விட்டுப்போகவில்லை, ஆனால் ஒவ்வொன்றும் வாயிலிருந்து வெளியே வரும்போது சவரம் செய்து இஸ்திரி போட்டு வந்தது. நீலாவதியை அறைந்ததைக்கூட, 'ஒரு நாள் கொஞ்சம் கோவப்பட்டுட்டாங்க' என்றுதான் சொல்ல முடிந்தது. பாதிக் கதவுக்கு மேல் அந்த முகம் இருந்தது. சின்ன டாக்டர் வழுக்கைத் தலை பக்கம் சாய்ந்து, 'சார், முட்டை கேஸ்ல மாட்டினவுடனே வியாதின்னு வர்றாங்க. இந்த வருஷம் இது மூணாவது' என்று மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னது நன்றாகவே கேட்டது. வழுக்கைத் தலை காகிதத்தை இழுத்துப் பேனாவைத் திறந்தார். எழுதத் தொடங்கிக்கொண்டே, ஒரு முறைக்காக, 'கடைசியா ஒண்ணு சார். நூறிலேர்ந்து ஏழு ஏழா கழிச்சிக்கிட்டே வாங்க பாப்போம்' என்றார்.

'தொண்ணூத்து மூணு' என்றார் மாப்பிள்ளை. 'எண்பத்தாறு. எழுபத்தொம்பது.' குரலில் வகுப்பறை ஏறிக்கொண்டது. ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் ஒரே அளவு இடம். 'எழுபத்திரண்டு. அறுபத்தஞ்சு.' 'போதும் சார், ரொம்ப கரெக்ட்டு' என்றார் டாக்டர் எழுதியபடியே. 'அம்பத்தெட்டு' என்றார் மாப்பிள்ளை. டாக்டரம்மா அடுத்த கோப்பை எடுத்துவிட்டாள். வைரக்கண்ணு பேனாவைப் பார்த்தார். அது இரண்டாவது வரிக்கு வந்திருந்தது. தலைகீழாக இருந்ததால் என்ன எழுத்தென்று படிக்க முடியவில்லை, படிக்க வேண்டியதும் இல்லை. கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு இன்னும் எவ்வளவு? நாலு வரியா, மூன்றா? 'அம்பத்தொண்ணு.' சொன்னால் நீலாவதி காதில் விழும். இதோ நிற்கிறாள், மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது. அம்மா கஷ்டப்படலையேப்பா. இல்லம்மா. சொல்லாவிட்டால் யாழினி அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் போக மாட்டாள், மாப்பிள்ளை சாகிறவரை முட்டை திருடின வாத்தியார், தெருப்பிள்ளைகள் கல்லெறிவார்கள், அதை இவள் பார்த்துக்கொண்டு நிற்பாள். சொன்னால் இவள் இனிமேல் மாப்பிள்ளை பக்கத்தில் படுப்பாளா, இந்த மனுஷனுக்குச் சோறு போடுவாளா, என்னைத்தான் அப்பா என்பாளா? 'நாப்பத்து நாலு.' எண் குறைந்துகொண்டே வருகிறது. வாழ்நாள் முழுக்க ஏறுகிற எண்ணை எண்ணியவருக்கு இறங்குகிற எண் பயமாக இருந்தது. அது ஓர் இடத்தில் தீர்ந்துபோகும். 'முப்பத்தேழு.' பேனா மூன்றாவது வரி. கட்டைவிரல் கணு தேடி ஆள்காட்டி விரலின் நுனியைத் தாண்டி வெறும் காற்றைத் தொட்டது.

'ஐயா' என்றார் வைரக்கண்ணு. தோப்பில் காய் எண்ணுகிற குரல் வந்துவிட்டது. மேசையில் இருந்த மூவரும் நிமிர்ந்தார்கள். 'ஒண்ணு விட்டுப்போச்சு. பதிமூணு. என் சம்சாரம் கொல்லையில விழுந்து கெடந்தா. இடுப்பு ஒடிஞ்சி கெடந்தா. மாப்பிள்ளை நாலடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாங்க. பதினொரு தடவை கூப்பிட்டிருக்கா. எந்திரிக்கல. வாழைப்பழம் சாப்பிட்டாங்க. எட்டு. நான் வர்றப்ப ஒடம்பு ஆறிப்போச்சு. எனக்கு அவங்கதான் சொன்னாங்க, பதினொரு தடவைன்னு. பொய்யில்லாம சொன்னாங்க. நான்தான் தோலைப் புதைச்சிட்டு மகள்கிட்ட பொய் சொல்லிட்டேன்.' 'முப்பது' என்றார் மாப்பிள்ளை. பாதிக் கதவு ஒரு தடவை கிரீச்சிட்டு நின்றது. 'அப்பா' என்று ஒரு குரல், அது கூப்பிட்டதா கேட்டதா என்று தெரியவில்லை. அவர் திரும்பவில்லை. திரும்பினால் முகத்தைப் பார்க்க வேண்டும். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாப்பிள்ளையையே பார்த்தாள். 'குணசேகரன், மாமா சொல்றது கேட்டுச்சா? அது நடந்ததா?' 'ஆமா' என்றார் மாப்பிள்ளை, பாடத்தின் நடுவே குறுக்கே கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்கிற மாதிரி. 'இருபத்து மூணு.' சின்ன டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். மாப்பிள்ளையின் முகத்தில் ஏதாவது அசைகிறதா என்று வைரக்கண்ணும் அப்போதுதான் பார்த்தார். பார்த்துவிடலாம் என்று எட்டு மாதமாகத் தைரியம் வராத முகம். அதில் கோபம் இல்லை, வெட்கம் இல்லை, தையல்நாயகி இல்லை. 'பதினாறு.' வழுக்கைத் தலை, எழுதிய மூன்று வரிக்கும் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். இழுத்துவிட்டு வேறு ஒரு காகிதத்தை எடுத்தார். தாழ்வாரத்தில் நீலாவதியின் செருப்புச் சத்தம் வேகமாகப் போயிற்று. படிக்கட்டு வரை கேட்டது, படியில் இறங்குவது கேட்டது, பிறகு கேட்கவில்லை. 'ஒம்பது' என்றார் மாப்பிள்ளை. 'ரெண்டு.' மேலே சொல்ல எண் இல்லாமல் ஒரு கணம் மேசையைப் பார்த்துவிட்டு, வகுப்புக்கு விடை சொல்கிற குரலில் சொன்னார். 'இதுக்கு மேல ஏழு போகாது சார். மீதி ரெண்டு.'